பொம்மைக்கு விழுந்த திட்டு

நர்சம்மா,

நைட் டியூட்டி முடிந்து அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. சோறு குக்கரில் இருக்கிறது. பாப்பாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டிருக்கிறேன்.

நான் குழந்தையிடம் கத்துவதே இல்லை என்று நேற்று உன்னோடு மல்லுக்கு நின்றேனே. இன்று காலை அவள் பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். கை நுழையவில்லை. "எத்தன தடவ சொல்றது? மண்டையில ஒண்ணுமே ஏறாதா?" என்று அதட்டினாள். அச்சு அசல் என் குரல். கூனிக் குறுகிப் போனேன். நீ சொன்னதுதான் சரி.

சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறேன்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: அக்கா வீட்டில் விடும்போது அவளிடம், "அப்பா இனிமே உன்ன அப்படித் திட்டமாட்டேன்டா" என்றேன். என் கன்னத்தைத் தடவி, "பரவால்லப்பா, பொம்மை அழவே இல்ல" என்றாள்.