சாமி குனியாது

இன்று காலை கடையைத் திறந்ததும் கண்ணில் பட்டது உன் மூங்கில் கழிதான். ஒயர் சுருள்களுக்கு நடுவே மூலையில் சாய்ந்து நிற்கிறது. அதன் கவட்டு நுனியில் நீ சுற்றி வைத்த கழிவுப் பட்டில் இன்னும் சாம்பிராணி மணக்கிறது. திருவிழா முடிந்த கையோடு உன் வீட்டம்மா கொண்டுவந்து, "இது இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்ணா" என்று வைத்துவிட்டுப் போனார். யாருடைய ஒயரைத் தூக்கிக்கொண்டே காலம் தள்ளியதோ, கடைசியில் அவனிடமே வந்து சேர்ந்துவிட்டது. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

கேபிள் டி.வி. இணைப்புக் கொடுக்க இந்த நெசவாளர் தெருவுக்குள் நான் நுழைந்த நாளிலிருந்து உனக்கு நான் "கேபிளு". அம்மா வைத்த பெயரை நீ ஒருநாளும் சொன்னதில்லை. ஆண்டு முழுக்க ஒன்றாக டீ குடிப்போம், திருவிழா வந்தால் மட்டும் நமக்குள் ஆகாது. மின்கம்பிகள் உயரத்தில் ஓரமாகப் போய்விடும். வீட்டுக்கு வீடு குறுக்கே தொங்குவதெல்லாம் என் ஒயர். தறியை நிறுத்திவிட்டு, குளித்து, திருநீறு பூசி, கழியைத் தோளில் போட்டுக்கொண்டு சாமிக்கு முன்னால் நீ நடப்பாய். ஒயர் வந்ததும் கவட்டில் ஏந்தி உயர்த்துவாய். வெள்ளைக் குடையும் சாமியும் கடந்த பிறகு, தூங்கும் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி இறக்குவாய்.

ஒருமுறை கழியை வாங்கி நானும் தூக்கிப் பார்த்தேன். "இன்னாபா, ஒட்டடையா அடிக்கிற? இது பாவு நூலு மாதிரி. இஸ்தா அறுந்துடும். அடில குடுத்து ஏந்து, தானா வரும்" என்று பிடுங்கிக்கொண்டாய். எனக்கு ரோஷம். குடையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு போனால் என்ன என்று கேட்டேன். நடுத்தெருவில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"சாமி குனியாது கேபிளு. உன் ஒயருதான் ஏறணும்."

அந்தக் கிரிக்கெட் கதை நினைவிருக்கிறதா? கடைசி ஓவர். சாமி தெருமுனையில் திரும்புகிற நேரம், தெரு முழுக்க டி.வி. போய்விட்டது. என்னைத் திட்டுவதற்காகவே வீடு வீடாக வெளியே ஓடி வந்தார்கள். வந்தவர்கள் எதிரே சாமியைப் பார்த்ததும் வாயை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "பாத்தியா, உன் புண்ணியத்துல இன்னிக்கு எல்லாருக்கும் தரிசனம்" என்று நீ கண்ணடித்தாய். அத்தனை நாள் அறாத இணைப்பு அன்றைக்கு மட்டும் எப்படிக் கழன்றது? எனக்கு உன்மேல் இன்றைக்கும் சந்தேகம்தான்.

நீ போன பிறகு வந்த முதல் திருவிழா இது. கோயில் மண்டபத்தில் போட்ட திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "கழி புடிக்கிறவரு போயிட்டாரு. குடை கிழிஞ்சா யாரு பதில் சொல்றது? இந்த வருசம் பெரிய ரோட்டு வழியா போயிடலாம்" என்றார். பலர் தலையாட்டினார்கள். ஓர் ஆண்டு விட்டால் அதுவே வழக்கமாகிவிடும். பிறகு நம் தெருவுக்குச் சாமியே வராது. அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து உன் வீட்டம்மா குரல் கேட்டது.

"ஒயருதான் தொல்லைன்னா ஒயரை ஏத்துங்க. சாமிய ஏன் சுத்த வுடறீங்க?"

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. ஏற்றிவிடுகிறேன் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

மொட்டை மாடிகளில் இரும்புக் குழாய் நட்டு, வெயிலில் வறுபட்டு, ஒயரையெல்லாம் உயர்த்திக் கட்டினேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் கட்டினேன். புறப்பாட்டன்று குடை எங்கும் நிற்கவில்லை, ஜம்மென்று வந்தது. தெருவே என்னைப் பாராட்டியது. ஆனால் சாமிக்கு முன்னால் நீ நடக்கிற இடம் காலியாக இருந்தது. உன்னைத் தேடியது கண்.

உன் வீட்டு வாசலுக்கு வந்ததும்தான் குடை நின்றது. அங்கே மட்டும் ஒரு ஒயர் தாழத் தொங்கியது.

"யோவ் கேபிளு, இத்த மறந்துட்டியா?" என்று கத்தினார்கள். நான் தலையைச் சொறிந்தேன். குடைக்காரர் குடையைச் சாய்க்கப் போனார். "இருப்பா, சாய்க்காத! சாமி குனியாது!" என்று சொல்லிக்கொண்டே உன் வீட்டம்மா உள்ளே ஓடி, உன் கழியோடு வந்தார். குத்தவில்லை, இழுக்கவில்லை. தறியில் உனக்குத் துணையாக உட்கார்ந்து நூல் பிடித்த கை அல்லவா? அடியில் கொடுத்து ஏந்தினார், தானாக வந்தது. சாமி உன் வாசலில் நின்று, நிதானமாகக் கடந்து போனது. அவர் அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான்.

மறந்துவிட்டேன் என்றே எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன். அந்த ஒயரில் எந்தச் சேனலும் வருவதில்லை. இந்தப் பக்கம் உன் வீட்டு ஆணி, அந்தப் பக்கம் எதிர்வீட்டு ஆணி, அவ்வளவுதான். அடுத்த ஆண்டும் அதே உயரத்தில்தான் தொங்கும். யாராவது உன் கழியை எடுத்துத்தான் ஆக வேண்டும்.