தூங்க வைக்கப் படிக்கிறேன்

2021 செப்டம்பர் 9

மகள் சோல்வேயின் பனிச்சறுக்கு ஸ்கேட்டைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டுக் கடையில் நின்றிருந்தபோது மின்னஞ்சல் வந்தது. நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறார்கள்! அக்டோபர் முதல் தேதி.

“என்னம்மா, அழறீங்களா சிரிக்கிறீங்களா?” என்றார் கடைக்காரர்.

“மயக்க மருந்து குடுக்கிற படிப்புக்கு இன்டர்வியூ வந்திருக்கு.”

“அப்படியா? முதல்ல என் மாமியாருக்குக் குடுங்க. வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்.”

இதய நோயாளிகளின் ஐ.சி.யூ.வில் ஒன்பது வருடம் நர்ஸாக ஓட்டியாயிற்று. முப்பத்தைந்து வயது. போன வருடமும் விண்ணப்பித்தேன், இரண்டே வரியில் மறுத்துவிட்டார்கள். பதினான்கு இடம், நூற்று எண்பது பேர். கிடைத்தால் வேலையை விட்டுவிட்டு மூன்று வருடம் படிக்க வேண்டும். கணவன் டேரினிடம் சொன்னேன். பேருந்துப் பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்திருந்தான். அதே கையோடு கட்டிப்பிடித்தான். வெள்ளைச் சட்டை போனது. போகட்டும்.

2021 அக்டோபர் 1

மூன்று பேர் எதிரே. மருந்து, இரத்த அழுத்தம், நுரையீரல் என்று இருபது நிமிடம் கேட்டார்கள். எல்லாம் வந்தது, நாக்கு மட்டும் அட்டை மாதிரி காய்ந்திருந்தது. கடைசியில் நடுவில் இருந்த அம்மையார், “உங்க வார்டுல உங்களைப் பத்தி என்ன சொல்வாங்க?” என்றார்.

“யாரையும் எதுக்கும் கூப்பிட மாட்டா, எல்லாத்தையும் தானே பாத்துக்குவான்னு சொல்வாங்க” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். நல்லதாகத்தான் இருக்கும். இல்லையா?

2021 அக்டோபர் 14

கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது.

சோல்வேயின் பல் மருத்துவர் அறையில் இருந்தேன். தொலைபேசியில் கேட்டதும் கத்திவிட்டேன். வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த என் மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “அம்மா, இங்க யாருக்கு பல்லு புடுங்கறாங்க?” ஒன்பது வயது. இந்த வாய் எங்கிருந்து வந்ததோ.

2022 மே 16

முதல் நாள். புத்தகப் பையைத் தூக்கிப் பார்த்தேன், சோல்வேயின் ஹாக்கிப் பையைவிடக் கனம். என் பக்கத்து இருக்கை ஹோதனுக்கு. மினியாபோலிஸில் வளர்ந்த சோமாலிப் பெண், இருபத்தெட்டு வயது, குழந்தைகள் ஐ.சி.யூ.விலிருந்து வந்திருக்கிறாள். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் சமோசா மாதிரியான சம்பூசாவை எடுத்து நீட்டி, “சாப்பிடு. பாத்தாலே தெரியுது, காலைல ஒண்ணும் இறங்கியிருக்காது” என்றாள்.

இறங்கவில்லைதான். எப்படித் தெரிந்தது?

2022 ஜூலை 28

வாயுக்களின் இயற்பியல் தேர்வு: 71. தேர்ச்சிக்கு எண்பது வேண்டும்.

2022 ஜூலை 29

இன்னும் 71தான்.

2022 செப்டம்பர் 20

ஹோதனும் நானும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் படிக்கிறோம். வாயு விதிகளை அவள் பாடுவாள், நிஜமாகவே ராகம் போட்டு. போன வாரம் டேரின், உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் தட்டை நடுவில் வைத்துவிட்டு, அழுத்தம் கூடினால் கன அளவு என்னாகும் என்பதை டயர் பம்பைக் கொண்டுவந்து விளக்கினான். இரண்டு மாதமாகப் புரியாதது பம்பில் புரிந்தது. இன்றைய மறுதேர்வில் 88!

ஹோதன் டேரினிடம், “அண்ணா, நீங்களே வந்து கிளாஸ் எடுங்க. எங்க புரொபசருக்கு பம்பு இல்ல” என்றாள். அவன் காது சிவந்துவிட்டது.

2023 மே 8

இன்று முதல் அறுவை அறை. என் பயிற்சியாளர் ட்ரென்ட் என்பவர். இருபத்தொன்பது வயது! தாடியை எடுத்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல இருப்பார்.

நோயாளி தூங்கியதும் மூச்சுக்குழாயில் டியூப் போடுவது என் வேலை. பொம்மையில் இருநூறு முறை போட்டிருக்கிறேன். மனிதத் தொண்டை பொம்மை இல்லை. ஈரமாக, இளஞ்சிவப்பாக, எல்லாமே ஒன்றுபோல இருந்தது. போட்டேன். திரையில் வெளிமூச்சின் கரியமிலவாயுவைக் காட்டும் கோடு எழவில்லை. உணவுக்குழாயில் போட்டிருக்கிறேன்! ட்ரென்ட் நிதானமாக, “வெளிய எடுங்க. மாஸ்க். மூச்சு குடுங்க. சரி, இப்ப நான் போடறேன்” என்றார். பத்து விநாடியில் முடிந்தது.

காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் குத்தினேன்.

2023 மே 10

குரல் நாண்களைப் பார்த்தேன்!!! இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவில் கறுப்பாக வாசல். டியூப் நழுவி உள்ளே போனது. திரையில் கோடு எழுந்தது. அழகான, சதுரமான மேடுகள், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்று. அந்த மனிதர் என் கையால் மூச்சு விட்டார். ஓய்வுபெற்ற தபால்காரராம். விழித்ததும், “ஆரம்பிச்சாச்சா?” என்று கேட்டார்.

“எல்லாம் முடிஞ்சாச்சு சார்.”

“அட! நல்லாத் தூங்கினேனே!”

இதற்கு முன் யாரும் என்னை இவ்வளவு பாராட்டியதில்லை.

2023 நவம்பர் 15

எழுதினால் கோபம் அடங்குமோ என்று எழுதுகிறேன்.

குடலிறக்க அறுவை முடிந்து, டியூபை எடுத்தேன். ட்ரென்ட் வாசலில் நின்று அடுத்த நோயாளியைப் பற்றி யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். எட்டடி தூரம்கூட இல்லை. நோயாளியின் குரல்வளை சட்டென்று இறுகி மூடிக்கொண்டது. நெஞ்சு இழுக்கிறது, காற்று போகவில்லை. தாடையைத் தூக்கினேன், மாஸ்க்கை அழுத்தினேன், ஆக்ஸிஜனைத் தள்ளினேன். ஆக்ஸிஜன் குறையக் குறைய நாடியின் ‘டிங் டிங்’ சுருதி இறங்கிக்கொண்டே போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ட்ரென்ட் திரும்பி ஓடி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் திறந்துகொண்டது. சுருதி ஏறியது. நோயாளிக்கு ஒன்றுமில்லை.

“ஏன் கூப்பிடல?”

“சரி பண்ணிட்டேனே.”

“அது பதில் இல்ல ஜேனா. திறக்காம போயிருந்தா? மருந்து எடுக்க உங்களுக்கு மூணாவது கை இருக்கா?”

கல்லூரிக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். எட்டு வாரம் கண்காணிப்பு. இன்னொரு முறை இப்படி நடந்தால் படிப்பிலிருந்தே நீக்கம்.

என்ன தப்பு பண்ணேன்? ஆளு பொழைச்சாச்சு. செய்ய வேண்டியதைச் செஞ்சேன். அந்தத் தாடிக்காரப் பையன் யாரு எனக்குச் சொல்ல? நான் நர்ஸ் வேலை பாக்க ஆரம்பிச்சப்ப அவன் ஹைஸ்கூல்ல இருந்தான்!

2023 நவம்பர் 17

டேரினிடம் இன்றுதான் சொன்னேன். என் பக்கம் பேசுவான் என்று நினைத்தேன். சூப்பைக் கிளறிக்கொண்டே, “நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி, பனிப்புயல்ல உன் வண்டி பள்ளத்துல இறங்குச்சே, ஞாபகம் இருக்கா?” என்றான்.

“இருக்கு. நானே தோண்டி எடுத்தேன்.”

“மூணு மணி நேரம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. வாசல்ல டிராக்டர். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா உன் காது உறைஞ்சே போயிருக்கும்.”

“மத்தவங்களை எதுக்குத் தொந்தரவு...”

“அந்த வீட்டுக்காரர் இன்னிக்கும் என்னைப் பாத்தா கேக்கறார், உன் பொண்டாட்டிக்கு எங்க மேல என்ன கோவம்னு.”

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நேர்முகத்தில் நான் சொன்னதும் அந்த அம்மையார் என்ன எழுதியிருப்பார்?

2023 நவம்பர் 20

ட்ரென்டிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “எனக்குக் கூப்பிட வராது. சின்ன வயசுலேர்ந்தே வராது” என்றேன். அவர் யோசித்தார். “அப்ப டியூப் போடற மாதிரி அதையும் பழகுங்க. தினம் ஒரு தடவை, அவசியம் இல்லாட்டியும் கூப்பிடுங்க. நான் வரேன். திட்ட மாட்டேன்” என்றார்.

2023 டிசம்பர் 6

கூப்பிட்டேன். “ட்ரென்ட், இங்க வாங்க.” வந்தார். “என்ன?” “ஒண்ணுமில்ல.” “நல்லது” என்று போய்விட்டார். அறுவை அறையே எங்களைப் பைத்தியங்கள் போலப் பார்த்தது.

2024 ஜனவரி 11

வெளியே மைனஸ் முப்பத்தொன்று. நான் மட்டும் அடுப்பு போலக் கொதித்துக்கொண்டிருக்கிறேன்!

பித்தப்பை அறுவை. ஐம்பது வயதுப் பெண். கழுத்து குட்டை, வாய் சிறியது. தூங்க வைத்தேன், பார்த்தேன் – ஒன்றும் தெரியவில்லை. வெறும் இளஞ்சிவப்பு. பழைய ஜேனா இன்னும் இரண்டு தடவை முயன்றிருப்பாள். என் வாய் தானாகத் திறந்தது: “எனக்குத் தெரியல. உதவி வேணும். இப்பவே.”

கத்தவில்லை. ஆனால் அறை முழுக்கக் கேட்டது. ட்ரென்ட் என் தோளருகே நின்றிருந்தார். மாஸ்க்கில் மூச்சு கொடுத்துவிட்டு அவர் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை! அடுத்த நொடியே அவரும், “எனக்கும் தெரியல. கேமரா கொண்டாங்க, பக்கத்து அறைலேர்ந்து ஆளைக் கூப்பிடுங்க” என்றார். வெட்கம் இல்லை, தயக்கம் இல்லை. வந்தவர் கேமராவை நுழைத்தார், நான் மாஸ்க்கை விட்டுவிட்டுக் கழுத்தை வெளியிலிருந்து அழுத்தினேன். திரையில் வாசல் தெரிந்தது. டியூப் போனது. நாடியின் சுருதி ஒருமுறைகூட இறங்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நான்தான் முதலில் சிரித்தேன்.

2024 ஜனவரி 12

எட்டு வாரக் கண்காணிப்பு முடிந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஹோதனிடம் சொன்னதும் தொலைபேசியில் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். காது இன்னும் அடைத்திருக்கிறது.

2025 மார்ச் 3

வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது: மேற்கே, ஹால்வர் என்ற சிற்றூர் மருத்துவமனை. இருபத்திரண்டு படுக்கை. மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லாமல் ஆறு வருடமாகப் பிரசவ அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நான் வந்தால் திறப்பார்களாம். பள்ளிப் பேருந்துகளைப் பார்த்துக்கொள்ள டேரினுக்கும் இடம் உண்டு. சோல்வே ஒரே கேள்வி கேட்டாள்: “அங்க ஹாக்கி டீம் இருக்கா?” இருக்கிறது. பையன்களோடு சேர்ந்து ஆட வேண்டும். “பாவம் பையனுங்க” என்றாள்.

2025 மே 10

பட்டமளிப்பு. ஹோதனின் அம்மா என்னையும் தன் பெண் மாதிரியே முத்தமிட்டு அழுதார். நானும் அழுதேன்.

2025 ஜூன் 24

உரிமத் தேர்வு. நூறாவது கேள்வியோடு கணினி சட்டென்று நின்றுவிட்டது. அவ்வளவு சீக்கிரம் நிறுத்தினால் ஒன்று மிக நன்றாக எழுதியிருக்க வேண்டும், இல்லை மிக மோசமாக. வரவேற்பில் இருந்த பெண் ஒரு தாளைக் கவிழ்த்துக் கொடுத்தாள். கழிவறைக்குப் போய்த் திருப்பினேன்.

தேர்ச்சி.

கை காயவைக்கும் இயந்திரத்தோடு சேர்ந்து நானும் இரைந்தேன்.

2025 செப்டம்பர் 18

ஹால்வரில் இன்றுதான் முதல் பிரசவம். ரெய்னா என்ற பெண்ணுக்கு, முன்பே நாள் குறித்த சிசேரியன். மூத்தவன் பிறக்க நூற்றுப் பத்து மைல் பனியில் போனாளாம்.

மயக்க மருந்துக்கு நான் ஒருத்திதான். அதனால் காலையிலேயே எல்லோரையும் கூட்டினேன் – மருத்துவர், மூன்று நர்ஸ், ஆம்புலன்ஸ்காரர், மருந்தாளுநர். “நான் கூப்பிட்டா யார் எங்கேர்ந்து வருவீங்க?” என்று ஒவ்வொருவராகக் கேட்டு, பெயரைச் சுவரில் ஒட்டினேன். ஆம்புலன்ஸ்காரர், “சாப்பிடப் போனாலும் சொல்லிட்டுத்தான் போகணுமா?” என்றார். “ஆமா” என்றேன்.

முதுகில் ஊசி ஒரே முயற்சியில் இறங்கியது. ரெய்னா விழித்திருந்தாள். என் கையைப் பிடித்தபடி, சூரியகாந்தி அறுவடைக்குப் போன கணவன் நேரத்துக்கு வரவில்லை என்று திட்டிக்கொண்டேயிருந்தாள். பாதியில் அவன் வந்தான், பச்சைக் கவுனுக்கு மேலே காது நிறையத் தூசியோடு. திட்டு நிற்பதற்குள் குழந்தை அழுதுவிட்டது. பெண்.

பிறகு பதிவேட்டு அறைக்குப் போனேன். வெர்னா என்ற எழுத்தர், பிறப்புப் பதிவுக்கான கடவுச்சொல் இந்த ஆறு வருடத்தில் காலாவதியாகி, மாநில அலுவலகத்தோடு ஒரு மணி நேரம் தொலைபேசியில் மல்லுக்கட்டியிருந்தாள். இப்போது திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“என்ன வெர்னா, இன்னும் திறக்கலியா?”

“திறந்துடுச்சு. பிறந்த ஊர்னு கேக்குது. ஹால்வர்னு அடிச்சேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அடிச்சுட்டு, சரியா இருக்கான்னு ரெண்டு தடவை பாத்தேன்.”