குறட்டை நின்ற அமைதி

மும்பை, 12.8.1997

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். தூக்கத்தில், குறட்டைக்கு நடுவே எனக்கு மூச்சு நின்றுபோகிறதாம். இப்போது முகமூடி மாட்டிக்கொண்டு, ஒரு இயந்திரம் நீண்ட குழாய் வழியே காற்றை ஊத, உறங்குகிறேன். பகலில் தலை தெளிந்திருக்கிறது.

“ஏன் அம்மணி, தும்பிக்கையோட உன்னைய எவன் கட்டுவான்?” என்கிறாள் அறைத்தோழி மெர்சி. கோவை கணபதி ஊர்க்காரி. அவள் பேசினால் நம் பல்லடத்தில் இருப்பதுபோல் இருக்கிறது.

முகமூடிப் பட்டை கன்னத்தை அறுக்கிறது. அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள்.

மதியம் அப்பாவின் குறட்டை சட்டென நின்றதும், “இப்பத்தான் அசந்து தூங்கறாரு, தறிய நிறுத்துங்க” என்பீர்களே. அது அசந்த தூக்கம் இல்லையோ என்று பயமாக இருக்கிறது, அம்மா. கோவையில் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை, அந்த அமைதி வந்தால் தட்டி எழுப்புங்கள். தறி ஓடட்டும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

பொற்கொடி