கடைசித் திரையில் என் பெயர்

இரண்டு வாரத்துக்கு முன்னால் மெட்ரோ ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அவள் போட்டிருந்த கறுப்பு டீ-ஷர்ட்டில் ஒரு கரடி. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, உன்னுடைய கோணல் எழுத்தில், "கரடி யோசிக்குது" என்று இருந்தது.

உன் கரடிதான். ஜவ்வாது மலையில், பழைய லேப்டாப்பில், மவுஸை இழுத்து இழுத்து நீ வரைந்த கரடி பெங்களூர் மெட்ரோவில் போய்க்கொண்டிருக்கிறது. நான் வைத்த கண் வாங்காமல் பார்த்ததை அவள் கவனித்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ முகமெல்லாம் சிரிப்பாக, "நீங்களும் விளையாடியிருக்கீங்களா?" என்று தமிழில் கேட்டாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன். இந்த விஷயத்தில் நான் தலையாட்டிய பொய்கள் எத்தனையோ, அதில் இதுவும் ஒன்று.

"எனக்கு அந்த முடிவுதாங்க ரொம்பப் புடிக்கும். எல்லாம் முடிஞ்சதும் கடைசித் திரையில ஒரு பேர் வரும் பாருங்க, 'முதலிலிருந்து கடைசிவரை பொறுமையாக விளையாடிப் பார்த்துச் சொன்ன நண்பன்'னு. அதைப் பாத்து அழுதே போயிட்டேன். அப்படி ஒரு ஃப்ரெண்டு நமக்கும் வாய்க்கணும்ல?"

அந்தப் பெயர் என் பெயர் என்று அவளுக்குத் தெரியாது. மூன்று நிறுத்தம் முன்பாகவே இறங்கி, வெயிலில் நடந்தே அறைக்குப் போனேன். நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது; உன் விளையாட்டை ஜனங்கள் கொண்டாடத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். உயிரோடு இருந்தவனிடம் வாய் திறக்கத் துப்பில்லாதவன், இப்போது மடல் எழுதுகிறேன். இதுவும் கோழைத்தனம்தான். இருந்தாலும் எழுதுகிறேன்.

வேலூரில் கல்லூரி விடுதியில் நீ சொன்ன கதையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. உன் அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நீ மலை முழுக்க நடந்த கதை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கு. போன கல்யாணத்தில் சாப்பாடு சரியில்லை என்று ஒருவர், முன்னால் வைக்க வேண்டியவருக்குப் பின்னால் வைத்தாய் என்று இன்னொருவர். உன் பெரியம்மா போலக் குரலை மாற்றி நீ பேசுவாய்: "இன்னாப்பா, என் ஓர்ப்படி வூட்டுக்கு வெச்சிட்டுத்தான் என் வூட்டுக்கு வர்றியா? எட்த்துக்கினு போ உன் பத்திரிகைய!" வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, "இதை ஒரு கேமாப் பண்ணலாம்டா" என்று சொன்னவன் நான்தான். சொல்லிவிட்டு மறந்தேன். நீ மறக்கவில்லை.

நான் என் ஊரான கண்ணமங்கலத்துக்குத் திரும்பாமல் பெங்களூரில் விளையாட்டுகளைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தேன். ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. நீ காவலூர்ப் பக்கம் உன் ஊருக்கே போய் இ-சேவை மையம் வைத்தாய். பகலில் சாதிச் சான்றிதழும் பட்டாவும். கூட்டம் இல்லாத நேரத்தில், சாயங்காலங்களில், அந்த விளையாட்டு. நான்கு வருடம் தனியாளாகச் செய்தாய். "பத்திரிகை வெக்க வந்தேன்" என்று பெயர்.

அதில் கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு முப்பத்தேழு வீட்டுக்குப் போக வேண்டும். சண்டையெல்லாம் வாய்ச்சண்டை. அவர்கள் ஒன்று சொன்னால் நாம் ஒன்று சொல்ல வேண்டும். காலில் விழலாம், மாட்டைப் புகழலாம், பழைய நன்றியை ஞாபகப்படுத்தலாம். மற்ற விளையாட்டுகளில் உயிர் குறையும். உன்னுடையதில் மானம் குறையும். மானம் தீர்ந்துவிட்டால் ஆள் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, "கல்யாணத்த நீங்களே பண்ணிக்கோங்க" என்று வீட்டுக்குப் போய்விடுவான். ஆட்டம் முடிந்தது.

குறைகளும் கொஞ்சநஞ்சமில்லை. ஆட்டத்தைச் சேமிக்க வேண்டுமென்றால் யாராவது நமக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். கோபக்கார வீடாகவே அமைந்தால் கதி கந்தல். பையில் மூன்று பொருள்தான் பிடிக்கும், பலாப்பழம் இரண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும். வழி கேட்டால் எல்லோரும் "இதோ பக்கத்துலதான்" என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல், ஆலங்காயத்தில் பஸ்ஸுக்காக நாற்பது நிமிடம் நிஜமாகவே காத்திருக்க வேண்டும். தாண்டிப் போக வழியே கிடையாது. "பஸ்ஸு வந்தாத்தானடா வரும்? நான் இன்னா பண்றது?" என்று நீ கேட்டபோது எனக்கு எரிச்சலாக இருந்தது.

பென்டிரைவை எடுத்துக்கொண்டு நீயே பெங்களூர் வந்தாய். "வேற யாருக்கும் குடுக்கலடா. மத்தவன் பாத்தா சிரிச்சிட்டுப் போய்டுவான். நீதான் கொற சொல்லுவ," என்றாய். மூன்று வாரம் அது என் மேசையில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போட்டேன். ஆலங்காயம் பஸ் நிலையம் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். நாள் முழுக்க அடுத்தவன் விளையாட்டை ஆடுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் இதே தலையெழுத்தா என்று அலுத்துக்கொண்டு மூடிவிட்டேன். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். நான் பஸ்ஸில்கூட ஏறவில்லை.

நீ போனில் கேட்டாய். "முழுசாப் பாத்துட்டேன்டா மச்சான். ஒரு கொறையும் இல்ல. தைரியமா வெளிய விடு," என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். பென்டிரைவைக் கூரியரில் திருப்பி அனுப்பினேன். ஒரு குறையும் இல்லையாம்! எங்கள் அலுவலகத்தில் அப்படி எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே வேலை போய்விடும். உனக்கு அதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியிட்ட முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் கரடி வந்தது. இருபதாவது வீட்டுக்கும் இருபத்தொன்றாவது வீட்டுக்கும் நடுவில் காட்டுப் பாதையில் கரடி வழிமறிக்கும். அதுவும் வாய்ச்சண்டைதான். நாம் ஒன்று சொன்னதும் எதிரி பதில் சொல்ல வேண்டும். கரடி எங்கிருந்து பதில் சொல்லும்? விளையாட்டு அதன் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். "கரடி யோசிக்குது" என்ற வரி மட்டும் திரையில் இருக்கும். மணிக்கணக்காக. ஆடியதெல்லாம் வீண்.

கரடிக்குப் பலாப்பழம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போய்விடும். அதற்கு முன்னாலேயே பாதையோரத்தில் ஒரு பலா மரம் காய்த்துத் தொங்கும். அதில் பறிக்க வேண்டும். நீ ஆடும்போதெல்லாம் பறித்தாய். பறிக்காமல் ஒருவன் போவான் என்று உனக்குத் தோன்றவே இல்லை. "பழுத்த மரத்தத் தாண்டி வெறுங்கையோட எவன்டா போவான்?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டாய். உங்கள் மலையில் எவனும் போகமாட்டான். சென்னைக்காரனும் கோயம்புத்தூர்க்காரனும், பை நிறைந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு தடவை ஆடியிருந்தால் நானும் பறித்திருக்க மாட்டேன். நானும் கரடியிடம் மாட்டிக்கொண்டிருப்பேன். அதற்காகத்தானே என்னிடம் கொடுத்தாய்.

கழுவிக் கழுவி ஊற்றினார்கள். இதைச் சோதிக்காமலே விற்றிருக்கிறான், ஏமாற்றுக்காரன் என்றார்கள். அடுத்த விளையாட்டைச் சேர்ந்து செய்யலாம் என்று உன்னைக் கூப்பிட்டிருந்த சென்னைக்காரர்கள் அதன்பிறகு பதில் போடவில்லை. ஒரு மாதத்தில் நீ அதைச் சரிசெய்தாய். இப்போது கரடி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கொட்டாவி விட்டுவிட்டு, தானே போய்விடும். ஆனால் போன பேர் போனதுதான். அந்த நாட்களில் ஒருமுறை என்னைக் கூப்பிட்டாய்.

"மச்சான், நீ கரடிய எப்டிடா தாண்டின? பழம் குடுத்தியா?"

"ஆமாடா. குடுத்தேன்."

"சரிடா. சாப்டியா?" என்றாய்.

அதன்பிறகு உன் முகத்தில் விழிக்க எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஊருக்கு வந்தால் கண்ணமங்கலத்தோடு திரும்பிவிடுவேன். "எப்போடா மேல வர்ற?" என்று நீ கேட்பாய், அடுத்த மாதம் என்பேன். கடைசித் திரையைப் படம் பிடித்து அனுப்பி, "உன் பேர் பாரு" என்று எழுதினாய். அதற்குக் கைகூப்புகிற பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினேன். சீ! கடைசியில் காய்ச்சல் என்று உன்னை ஆலங்காயத்துக்கும், அங்கிருந்து வேலூருக்கும் கொண்டுபோனார்கள். ஐந்தே நாள். சாவுக்கு வந்து கடைசி வரிசையில் நின்றவனை, "தம்பியோட கேமப் பாத்துக் குடுத்த சிநேகிதரு" என்று சொல்லி உன் அண்ணன் என் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். மாலையை என் கையில் கொடுத்தார்கள். வாங்கிப் போட்டேன். பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை.

மெட்ரோவில் அந்தப் பெண்ணைப் பார்த்த இரண்டாம் நாள் மலைக்கு வந்தேன். இப்போது இ-சேவை மையத்தை உன் மனைவி சுமதிதான் பார்த்துக்கொள்கிறாள். யாருக்கோ வருமானச் சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சுமதி, ஒன்னு சொல்லணும்மா. அந்த கேம நான்..."

"ஆடலன்னு சொல்லப் போறீங்களாண்ணா? அவருக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நீங்க திருப்பி அனுப்பின பென்டிரைவுலயே கீதுண்ணா. எத்தினி நிமிஷம் ஆடினாங்கன்னு அதுவே எழுதி வெச்சிக்கும். கரடி வெவகாரம் வந்தப்புறம்தான் எட்த்துப் பாத்தாரு. இருபத்திரண்டு நிமிஷம். பாத்துட்டு சும்மாவே குந்திக்கினு இருந்தாரு. அப்புறம்தான் உங்களுக்குப் போன் போட்டாரு."

தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறாய். பழம் கொடுத்தாயா என்று கேட்டது, இல்லைடா என்று சொல்ல எனக்கு ஒரு வழி விட்டுத்தான். அதையும் மிதித்துவிட்டுப் போனேன்.

"எனக்கு உங்க மேல கொலவெறிண்ணா," என்றாள் சுமதி. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், நேராகப் பார்த்தே சொன்னாள். "அந்தப் பேர எட்த்துப் போடுங்கன்னு சண்ட போட்டேன். கரடிய மாத்தறப்பவே மாத்திருக்கலாம், ஒரு வரிதான. இன்னா சொன்னாரு தெரியுமா? 'பேர எட்த்துட்டா எனக்குத் தெரிஞ்சிபோச்சுன்னு புரிஞ்சிக்குவான். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டான். பேரு இருந்தா என்னிக்காவது வருவான்'னாரு."

அந்தப் பெயரைப் பார்த்துத்தான்டா நான் வராமல் இருந்தேன். நீ அனுப்பிய படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு மாதம் தள்ளிப் போடுவேன். நீ கதவைத் திறந்து வைத்தாய், நான் அதைப் பார்த்தே விலகி ஓடியிருக்கிறேன்.

இப்போதாவது எடுத்துவிடு என்று சுமதியிடம் கெஞ்சினேன். "அவரு எழுதினதுண்ணா. நான் கை வெக்க மாட்டேன். வெளிய சொல்லணும்னா நீங்களே சொல்லிக்கோங்க," என்றாள். பிறகு, "சாப்ட்டுப் போங்க," என்றும் சொன்னாள். சாமைச் சோறு போட்டாள். தலை குனிந்தபடியே சாப்பிட்டேன்.

அன்று பெங்களூர் திரும்பியதும், விளையாடுகிறவர்கள் கருத்து எழுதும் பக்கத்தில் என் பெயரைப் போட்டு நடந்ததை எல்லாம் எழுதினேன். திட்டட்டும். பிறகு உன் விளையாட்டைத் திறந்தேன். ஆலங்காயம் பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். இந்த முறை எழுந்திருக்கவில்லை. இருபத்திரண்டு நிமிடம் போயிற்று. முப்பதாவது நிமிடத்தில் ஒருவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சோடாபுட்டிக் கண்ணாடி, தோளில் லேப்டாப் பை, தேய்ந்த செருப்பு. விடுதியில் இருந்த நான்தான் அது.

"எங்கடா, மேலயா? பத்திரிகை வெக்கவா? முப்பத்தேழு வூடா! தனியாவா போற? ஏன், நான் செத்தா போய்ட்டேன்?" என்றான். பஸ் வந்தது. தாம்பாளத்தை அவன் வாங்கிக்கொண்டு முதலில் ஏறினான்.

அதன்பிறகு அவன் எங்கேயும் இறங்கவில்லை. பெரியம்மா திட்டும்போது நடுவில் புகுந்து, "இவன் சின்னப் பையன், எங்கிட்டப் பேசுங்க பெரியம்மா" என்று ஏச்சை எல்லாம் தான் வாங்கிக்கொண்டான். மானம் குறைந்தபோது தன்னுடையதில் பாதியைக் கொடுத்தான். ஏழு நாள் வேலை முடித்து வந்து வந்து ஆடினேன். முப்பத்தேழு வீட்டுக்கும் வந்தான்டா. ஒரு இடத்திலும், அலுப்பாக இருக்கிறது, நான் போகிறேன் என்று சொல்லவில்லை.

நீ என்னை அப்படித்தான் நினைத்திருந்தாய். நான்கு வருடம் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் என்னை உன் பக்கத்தில் நிறுத்தி வரைந்திருக்கிறாய். அவனைச் சுமந்துகொண்டு திரிகிறேன். அவன் நானில்லை என்று எனக்குத் தெரிகிறது; உனக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்த பிறகும் நீ அவனை அங்கிருந்து எடுக்கவில்லை.