டெல்வினின் கார் கல்யாணத்துக்கு வரும்

கட்டுகஸ்தோட்டை,
நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகன் அன்ட்ரூவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நீ மெல்பனில் சுகமாக இருக்கிறாய் என்றும், கல்யாண உடுப்புக்கு அளவு கொடுத்துவிட்டாய் என்றும் உன் அம்மா கோயில் வாசலில் சொன்னார். கேட்டு மகிழ்ந்தேன். இங்கே அங்கிளுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை. மழைதான் விட்டபாடாக இல்லை. மகாவலி கலங்கிப் போய் ஓடுகிறது.

வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு ஆன்ட்டி தபாலில் பதில் அனுப்புகிறாரே என்று யோசிப்பாய். ஃபோனில் வருவதை விரலால் தள்ளிவிட்டுப் போய்விடலாம். காகிதத்தை அப்படித் தள்ள முடியாது, கையில் பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். நீ வேலைக்குப் போயிருக்கும்போது தபால் வந்தால், நீ கட்டப்போகும் ஷெரோன் எடுத்து வைப்பாள். உறை மேல் உன் பெயரை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். பயப்படாதே.

"ஆன்ட்டி, டெல்வின் ஞாபகமா அவனோட கார்லதான் நாங்க கோயிலுக்கு வரணும், தருவீங்களா?" என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கார் எப்படி மறுபடி காரானது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டெல்வின் அந்தப் பழைய பெட்டி லான்சர் காரைக் கம்பளையிலிருந்து லொறியில் ஏற்றிவந்த நாளில் நீயும் கூட இருந்தாய். இயந்திரம் இல்லை, கண்ணாடி இல்லை, கோழி அடைத்து வைத்திருந்தார்கள் போலும், உள்ளே இறகுகள். இதற்குப் போய் சம்பளத்தைக் கொட்டுகிறானே என்று நான் கத்தினேன். அவன் சிரித்தான். பிறகு வேறு இயந்திரம் வந்தது, அகலமான டயரும் சில்லுகளும் வந்தன. ஸ்பிரிங்கை வெட்டிக் காரின் உடம்பைத் தரையோடு இறக்கினான். நம் ஒழுங்கையில் திரும்பும்போதெல்லாம் அடிவயிறு உரசும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் கடைகளில் அலைந்து பந்தயக் கார் சீட் இரண்டு வாங்கிவந்து, முன்னும் பின்னும் நகரும்படி தண்டவாளம் போல இரும்புப் பட்டை வைத்துப் பூட்டினான். ஞாயிறு பூசை முடிந்தால் நீங்கள் இருவரும் அதன் அடியில்தான் கிடப்பீர்கள். சோற்றைப் பிசைந்து நான் உங்கள் வாயில் ஊட்டியிருக்கிறேன். உனக்கும்தான் ஊட்டினேன் மகன்.

அந்தச் சனிக்கிழமை குருநாகல் பக்கமிருந்து வரும் வழியில், கலகெதர இறக்கத்து வளைவில், ஈர ரோட்டில், கார் றம்புட்டான் பழக் கடையை இடித்துக்கொண்டு உருண்டது. நீங்கள் இருவரும் வெளியே எறியப்பட்டிருந்தீர்கள். என் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டான். உனக்குத் தோள் எலும்பு முறிந்தது. யார் ஓட்டியது என்று கேட்டார்கள். டெல்வின் என்று நீ சொன்னாய். உன்னை நம்பாதிருக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. எனக்கும் இருக்கவில்லை. அந்த வாரம்தான் உனக்கு ஆஸ்திரேலியா விசா வந்திருந்தது என்பதை அப்போது நான் இதனோடு சேர்த்துப் பார்க்கவில்லை. இறந்தவன் மேல் வழக்கு இல்லை என்று எல்லாம் மூடப்பட்டது.

அடக்கப் பூசையில் ஃபாதர் இளைஞர்களின் வேகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். என் பிள்ளையின் பெட்டிக்கு முன்னால் வாங்கில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். நீ கட்டுப் போட்ட கையோடு பெட்டிக்குப் பக்கத்தில் நடந்தாய். வெயிலில் உன் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து, பாவம் பிள்ளை என்று நானே ஓடிப்போய் உனக்குச் சோடா வாங்கித் தந்தேன். ஞாபகம் இருக்கும்.

அந்த றம்புட்டான் கடையில் நின்ற பெண்ணின் பெயர் உனக்குத் தெரியாமல் இருக்கலாம். சஞ்சீவனி. கால் எலும்பு நொறுங்கி இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் நான் தனியாகப் பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். கேக் கொண்டுபோயிருந்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், என் மகன் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று அந்தப் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டேன். அவளுடைய அம்மா ஏசவில்லை. "செத்தவன ஏச முடியாது. நீங்க வீட்டுக்குப் போங்க" என்று மட்டும் சொல்லி, கேக்கையும் கையில் திருப்பித் தந்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

உன் அங்கிள் வேறு மாதிரி உடைந்தார். தலையில் அடித்து அழவில்லை. ஹோலில் இருந்த டெல்வினின் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார். ஒரு பெண்பிள்ளையை நொண்டியாக்கிவிட்டுப் போனவனுக்கு மாலை போட முடியாது என்றார். நகரசபைக் கந்தோரில் யாராவது மகனைப் பற்றிக் கேட்டால், எனக்குப் பிள்ளைகள் இல்லை என்று சொன்னாராம். அமலதாஸ் இப்படிச் சொல்லிவிட்டாரே என்று என்னிடம் வந்து சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள்.

காரைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார். நான் விடவில்லை. தகரக் கொட்டிலுக்குள் தள்ளி வைத்து இரண்டு மழைக்காலம் மூடி வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் கம்பளை ஃபாஸிலை வரச் சொன்னேன். டெல்வினோடு வேலை பழகிய, கார்த் தகடு தட்டும் டிங்கர் பாஸ், உனக்கும் தெரிந்தவன். ஏன் செய்ய வேண்டும் என்று அவன் கேட்டான். டெல்வின் முடிக்காமல் விட்ட வேலை, அதனால் முடிப்போம் என்றேன். அப்போது என் மனதில் உன்மேல் ஒரு சின்னக் கீறல்கூட இல்லை.

லீவு நாட்களில் ஃபாஸில் வருவான். நசுங்கிய கூரையை வெட்டி எறிந்துவிட்டு, உடைந்த இன்னொரு லான்சரின் கூரையைக் கொண்டுவந்து ஒட்டினான். கதவுகளை ஆணிச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தான். பட்டி பூசிய இடங்களைத் தேய்க்கிற வேலை என்னுடையது. வாளித் தண்ணீரில் சேண்ட் பேப்பரை நனைத்து, கண்ணுக்கு மேடு பள்ளம் தெரியாத பிறகும் உள்ளங்கையால் தடவித் தடவித் தேய்க்க வேண்டும். விரல் நுனித் தோல் போய், பாடசாலைச் சீருடை தைக்க ஊசி பிடிக்க முடியாமல் கிடந்தேன். அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. குழந்தையைக் குளிப்பாட்டுவது போல இருந்தது என்று சொன்னால் உனக்கு விளங்குமோ தெரியாது.

பெயின்ட் அடிக்க முன் தரைத் தகட்டைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இடப்பக்கத்து சீட் நான்கு ஆணியைக் கழற்றியதும் கையோடு வந்தது. வலப்பக்கத்து டிரைவர் சீட் வரவில்லை. ஃபாஸில் அடியில் படுத்து வெகுநேரம் பார்த்தான். "ஆன்ட்டி, இது அசயிதில்ல. தரை நசுங்கி பட்டை வளைஞ்சி ஈக்கிது. சீட்டு பின்னுக்குக் கடைசி ஓட்டையிலயே பூட்டு விழுந்து இறுகிட்டு. வெட்டி எடுக்கவா?" என்று கேட்டான்.

கொஞ்சம் பொறு என்றேன். வெட்டும் முன் மகன் கடைசியாக இருந்த இடத்தில் ஒருதடவை உட்கார வேண்டும் போலிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்தேன், எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. காலை நீட்டினேன். கிளட்ச் எட்டவில்லை. இடுப்பை நகர்த்தி இன்னும் நீட்டிப் பார்த்தேன். என் பாதம் அந்தரத்தில் நின்றது.

டெல்வின் என் உயரம். கடையில் வாங்கிய கால்சட்டையை நான் கீழே வெட்டித் தைக்காமல் அவன் ஒருநாளும் போட்டதில்லை. அவன் கால் எவ்வளவு நீளம் என்று என் அளவுநாடாவுக்குத் தெரியும். அவன் ஓட்டும்போது சீட்டை முன்னால் இழுத்து, ஸ்டீயரிங்கை நெஞ்சோடு வைத்துக்கொண்டுதான் ஓட்டுவான். "ஸ்டீயரிங்க கட்டிப் புடிச்சிக்கிட்டுத் தூங்குறான் பாருங்க ஆன்ட்டி" என்று நீயே கேலி செய்வாய். நீ ஏறினால் முதல் வேலையாக சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளுவாய். ஆறடிக்காரனுக்கு முழங்கால் இடிக்குமே.

உருளும்போது தானாக நகர்ந்திருக்கலாம் என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன். ஃபாஸிலைக் கேட்டேன். தானாக நகர்ந்த சீட் பூட்டு விழாமல் ஆடும், இது பூட்டு விழுந்து நின்ற பிறகுதான் தரை நசுங்கியிருக்கிறது என்றான். சொல்லி முடிக்கும்போதுதான் அவனுக்கும் விளங்கியது. வேலை பாதியில் கிடக்க, குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினான்.

நான் இறங்கவில்லை. அங்கிளைக் கூப்பிட்டேன். வந்து எட்டிப் பார்த்தார். என் காலைப் பார்த்தார், கிளட்சைப் பார்த்தார். உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஹோலில் டெல்வின் பழைய இடத்திலேயே சிரித்துக்கொண்டிருந்தான். அங்கிள் அந்தப் படத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, மூன்று வருஷத்து அழுகையை அன்று அழுதார்.

சீட்டை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதைச் சுற்றியே மற்ற வேலைகள் நடந்தன. ஈரக் காற்றில் பெயின்ட் வெளுத்துப் போகும் என்று மழை ஓயும் வரை காத்திருந்தோம். கொட்டிலைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் கட்டி, தூசி எழாமல் தரையை நனைத்து வைத்தேன். டெல்வின் ஆசைப்பட்ட கடுகு மஞ்சள் நிறத்தையே ஃபாஸில் அடித்தான். காய்ந்ததும் மெழுகு போட்டுத் துடைத்தேன். துடைக்கும் ஒவ்வொரு தடவையும் உன்னைத்தான் நினைத்தேன் மகன். ஒரு தாய் இப்படியெல்லாம் நினைக்கலாமா என்று கேட்காதே. நினைத்தேன்.

பிறகு உனக்குப் படம் அனுப்பினேன். வெளிப்புறம் மட்டும். எத்தனை இதயம் போட்டு அனுப்பினாய்! கல்யாணத்துக்குக் கார் கேட்டதும் அப்போதுதான். அதற்குப் பிறகு உட்புறத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். நீல அடையாளம் விழுந்தது, பதில் வரவில்லை. இரண்டு நாள் கழித்து எழுதினாய்: "ஆன்ட்டி, அந்த டிரைவர் சீட்ட மட்டும் கழட்டி வீசிருங்க. நான் இங்கருந்து புதுசு ஒண்ணு அனுப்புறேன்."

மகன், காரில் முன்னால் இரண்டு சீட் இருக்கின்றன. இடப்பக்கத்து சீட்டின் துணி கிழிந்து பஞ்சு வெளியே தொங்குகிறது, படத்திலும் நன்றாகத் தெரிகிறது. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவரை எனக்குள் ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. அதையும் நீயே தீர்த்து வைத்தாய்.

ஈர ரோட்டில் வழுக்கியது உன் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். யாருக்கும் வழுக்கும். அன்றைக்கே வந்து, நான்தான் ஓட்டினேன் ஆன்ட்டி என்று என் காலில் விழுந்திருந்தால், உன்னையும் கட்டிப்பிடித்துத்தான் அழுதிருப்பேன். ஆனால் பேச முடியாத என் பிள்ளையின் மேல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நீ விமானம் ஏறினாய். அவன் பெயரைச் சொல்லி நான் முழந்தாளிட்டேன். அவனைப் பெற்ற தகப்பன் அவனை இல்லை என்றார். இதற்கெல்லாம் நீ எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கேட்டதற்கு வருகிறேன். கார் தருகிறேன். பூவும் நானே கட்டுவேன். வேறு டிரைவர் வேண்டாம், நீதான் ஓட்ட வேண்டும். சீட் உன் அளவுக்கே இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வா. உனக்கு இடப்பக்கம் அங்கிள் இருப்பார். பின்னால் நான். நேரே கலகெதரவுக்குப் போவோம். சஞ்சீவனியும் அவள் அம்மாவும் கேட்க, யார் ஓட்டியது என்று நீ உன் வாயால் சொல்ல வேண்டும். என்னைவிட உனக்குச் சிங்களம் நன்றாக வரும். அங்கிருந்து பொலிஸுக்குப் போவதா, ஃபாதரிடம் போவதா என்பதைத் திரும்பி வரும்போது பேசிக்கொள்ளலாம். கண்டியில் ஒரு சட்டத்தரணியையும் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றிலும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

வராமல் விட்டாலும் சரி. கல்யாணத்தன்று காரைக் கோயில் வாசலுக்கு ஃபாஸில் கொண்டுவருவான், தலையணை ஒன்றை முதுகுக்கு வைத்துக்கொண்டு. ஷெரோன் நல்ல பிள்ளை என்கிறார்கள். அவளை அந்தக் கதவருகே கூப்பிட்டு, இங்கே எழுதியதையெல்லாம் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். உன் அம்மா பக்கத்தில் நிற்பார். அவரையும் கேட்க வைப்பேன். அவரும் தாய்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மன்னிக்கப் பார் மகளே என்றார். பார்த்தேன். பூசையில் பரலோக மந்திரம் சொல்லும்போது, பிறர் குற்றங்களைப் பொறுப்பது போல என்ற இடம் வந்ததும் என் வாய் மூடிக்கொள்கிறது. எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை சும்மா நிற்கிறேன்.

ஆனால் உனக்காகத் தினமும் செபமாலை சொல்கிறேன், இதை நீ நம்ப வேண்டும். உன் அம்மாவைவிட அதிகமாகச் சொல்கிறேன். நீ ஏறும் விமானம் ஒரு குலுக்கலும் இல்லாமல் வந்து இறங்கட்டும். கட்டுநாயக்காவிலிருந்து வரும் வழியெல்லாம் மாதா உன்னைக் கைப்பிடித்துக் கூட்டிவரட்டும். காய்ச்சல், தடிமன் ஒன்றும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். உனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது மகன். உடம்பைப் பார்த்துக்கொள். முழுசாக வந்து சேர்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
டெல்வினின் அம்மா
மதலேனா