மூன்று வேளைக் குளிசை

1981 ஜூலை 14, செவ்வாய். நோன்பு 11.

காலையிலிருந்தே கச்சான் காற்று. வீடு முழுக்க மணல். கூட்டினால் உடனே திரும்பவும்.

லுஹர் தொழுதுவிட்டு வந்தால் வீட்டில் கூக்குரல். மனைவி ஆசியா குசினி வாசலில் விழுந்து கிடக்கிறாள். இத்தனை வருஷம் என்னை அதட்டிய மனுஷி, பேச்சுமூச்சில்லை. உடம்பு தெப்பமாய் வியர்வை. மகள் பௌசியா கோப்பையில் தண்ணீர் கொண்டு ஓடி வர, அடுத்த வீட்டு சுபைதா கையைப் பிடித்தாள்.

"வாயில வுடாத புள்ள, ராத்தாட நோன்பு முறிஞ்சிரும்!"

"உசிரு போனா நோன்பு யாருக்குக் கா?"

இருவருக்கும் நடுவே நான். நோய் வருத்தக்காரிக்கு நோன்பை விடலாம் என்று மார்க்கமே சொல்கிறது. எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் கார் பிடிக்க ஓடினேன்.

காரில் ஆஸ்பத்திரி. ஊசி, சேலைன். அஸர் தொழுகைக்கு முன் கண் திறந்தாள். முதல் பேச்சு: "கஞ்சிக்கு அரிசி ஊறப் போட்டன், பாத்தீங்களா?" அல்ஹம்துலில்லாஹ்.

டொக்டர் சொன்னது: இரத்தத்தில் சீனி அடியோடு இறங்கிவிட்டது. சீனி வருத்தத்துக்கு அவர் குளிசை எழுதி ஒரு கிழமைதான் ஆகிறது.

மருமகன் ஹனீபா புடவைக் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். மாமியாரைப் பார்க்கவில்லை. நேரே மருந்து யன்னலுக்கு. அங்கே டிஸ்பென்சர் தம்பிராசா. பக்கத்துக் காரைதீவுத் தமிழர், சைக்கிளில் வந்து போகிறவர்.

"என்னத்தைக் குடுத்த நீங்க? மாமியக் கொல்லப் பாத்தீங்களா?"

"டொக்டர் எழுதினதுதான் தம்பி குடுத்தன். மருந்துத் துண்டைக் கொண்டாங்க, பாப்பம்."

"துண்டு என்னத்துக்கு? ஆளே கிடக்கு, பாருங்க!"

கூட்டம் சேர்ந்தது. பிழை மருந்து என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவாகிவிட்டது. நோன்பு திறக்கும் நேரம் வந்தபடியால் மட்டும் எல்லோரும் கலைந்தார்கள்.

ஜூலை 15, புதன்.

காற்று அதே. ஆசியா இன்னும் ஆஸ்பத்திரியில்.

பின்னேரம் எங்கள் குடி மரைக்கார் வீட்டுக்கு வந்தார். பள்ளிவாசல் சபையில் எங்கள் தாய்வழிக் குடிக்காக இருப்பவர், ஊரில் எந்த வழக்கும் அவரிடம்தான் போகும். மருமகன் ஹ. கதிரை எடுத்துப் போட்டார். இருவருமாகத் தீர்மானித்தது: தம்பிராசாவை மாற்றக் கேட்டு, டொக்டர் வழியாக மேலிடத்துக்கு மனு. எழுதுவது பள்ளிக்கூட மாஸ்டரான நான்.

"இங்கிலீசில எழுதுங்க மாஸ்டர். தமிழில எழுதினா மேசைய விட்டு அசையாது."

மூன்று முறை எழுதினேன். "பிழையான மருந்து கொடுக்கப்பட்டிருக்கலாம்" என்ற பொருளில் ஒரு வசனம். மரைக்கார் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார்.

"என்ன 'இருக்கலாம்'? நீங்க 'இருக்கலாம்' எண்டா அவங்க 'இருக்காது' எண்டு பதில் போடுவாங்க. வெட்டுங்க அத."

வெட்டினேன். ஹ. வாங்கிக்கொண்டு போனார். கையெழுத்தும் என்னுடையது, நோயாளியின் கணவன் என்று.

இதுவரை செய்யாதது ஒன்று: ஆசியாவிடம் என்ன நடந்தது என்று கேட்பது. நானும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிலைச் சுற்றி எப்போதும் சுபைதாவும் பரிவாரமும். எனக்கு அங்கே நிற்கவே இடமில்லை.

ஜூலை 17, வெள்ளி. நோன்பு 14.

ஆசியா வீட்டுக்கு வந்தாள். ஜும்ஆவுக்குப் பிறகு தனியே இருந்தோம். மெதுவாகக் கேட்டேன்.

"மூண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பொறகு எண்டு தந்தாங்க. நோன்பில மத்தியானச் சாப்பாடு ஏது? நோன்பு திறந்தா கஞ்சி, தொழுகை, அடுப்பு, மறந்து போவன். அதான் மூண்டையும் விடியச்சாமம் சஹர் சோத்தோடயே போட்டன்."

"ஒரேயடியாகவா?"

"ஒரே நாள் மருந்துதானே!"

"டொக்டரிடம் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நோன்ப வுடச் சொல்லுவாரு. அப்ப நீங்க வந்து பதில் சொல்லுவீங்களா?"

எழுந்து போய்க் குளிசை உறையை எடுத்துப் பார்த்தேன், மூன்று வேளை என்றுதான் இருந்தது.

மருந்து சரி. மனு பிழை. என் கையெழுத்து, என் இங்கிலீஷ். அதில் இலக்கணம் மட்டும் சரி.

ஹ.விடம் சொன்னேன். சொல்வதற்கு முன் கிணற்றடி வரை இரண்டு தடவை போய் வந்தேன்.

"மாமா, பஸார் முழுக்கச் சொல்லியாச்சு. இப்ப பிழை மாமில எண்டா நான் கடையில எப்படி இருக்கிற?"

"தம்பிராசாவை மாற்றிவிடுவார்களே."

"மாத்தட்டும். வேற ஆள் வரும்."

வராது. இவருக்கு முன் இருந்தவர் போனபிறகு மாதக்கணக்காய் யன்னல் பூட்டிக் கிடந்ததை ஊரே மறந்துவிட்டது. டொக்டர் திங்கட்கிழமை விசாரிப்பாராம். உண்மை என்று கண்டால் மனு மேலே போகும், தம்பிராசா எங்கேயோ காட்டுப் பக்கம் போவார்.

ஜூலை 18, சனி.

தம்பிராசா சந்தையில் எதிரே வந்தார். சைக்கிளை விட்டு இறங்கி, "மாஸ்டர், அம்மாக்கு இப்ப சுகமா?" என்றார். ஓம் என்றேன். அவ்வளவுதான். கத்தரிக்காய் வாங்க மறந்து வந்தேன். அதற்கு வேறு ஏச்சு.

ஜூலை 20, திங்கள். நோன்பு 17.

விசாரணை. டொக்டரின் அறை, விசிறி வேலையில்லை. டொக்டர், மரைக்கார், ஹ., தம்பிராசா, நான். ஆசியா வரவேண்டாம், ஆம்பிளைகள் பார்த்துக்கொள்வோம் என்று ஹ. சொல்லியிருந்தார். வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"மாஸ்டர், இது உங்கட கையெழுத்துத்தானே?" என்றார் டொக்டர்.

"ஓம்."

"நீங்கள் எழுதியது உண்மைதானே?"

இரவெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்த பதில். ஹ. என்னையே பார்க்கிறார். தம்பிராசா நிலத்தைப் பார்க்கிறார். நான் விசிறியை.

வாசலிலிருந்து ஆசியா: "அவர என்னத்துக்குக் கேக்கிறீங்க டொக்டர்? குளிசை போட்டது நான்."

மூன்றையும் சஹருக்கு விழுங்கிய கதை முழுவதும் சொன்னாள். மரைக்கார் தாடியைத் தடவினார். ஹ.வின் முகம் கறுத்தது. ஆனால் விடவில்லை. "அப்ப நோன்பா எண்டு மருந்து தந்த இவர் கேட்டிருக்க வேணாமா?"

தம்பிராசா முதன்முறையாக வாய் திறந்தார். "போன நோன்பில ஒருத்தரக் கேட்டன் தம்பி. 'உனக்கென்ன அது' எண்டு யன்னலுக்குள்ள கைய விட்டுச் சேட்டுக் கொலரைப் பிடிச்சார். அதுக்குப் பொறகு கேக்கிறல்ல."

"பாருங்க டொக்டர்," ஆசியா. "அவருக்குக் கேக்கப் பயம், எனக்குச் சொல்லப் பயம். எங்கட மாஸ்டருக்கு எல்லாத்துக்கும் பயம்."

டொக்டர் சிரித்தார். மரைக்காரும். கடைசியில் தம்பிராசாவும். எனக்கு மட்டும் காது சுட்டது. ஆனாலும் அவள் சொன்னதில் பிழை இல்லை.

முடிவு:
மனு வாபஸ். வாபஸ் கடிதமும் நானே, அங்கேயே.
இனி யன்னலில் எல்லோரிடமும் "நோன்பா?" என்று கேட்க வேண்டும். அதற்கேற்ப வேளையைச் சொல்ல வேண்டும். இது மரைக்காரின் யோசனை. பள்ளியிலும் அறிவிப்பார்.
ஆசியா இந்த வருஷம் நோன்பை விடுவது. "பாப்பம்" என்றாள். பௌசியா முறைத்ததும் "சரி" என்றாள்.

ஹ. தம்பிராசாவின் கையைப் பிடித்து, "மறுகா கடைப் பக்கம் வாங்க ஐயா" என்றார். வீடு வரும்வரை எனக்கு இருபது அடி முன்னாலேயே நடந்தார்.

ஜூலை 22, புதன். நோன்பு 19.

காற்று சற்றுக் குறைவு. பின்னேரம் மரைக்கார் வந்தார், செருப்பைக் கழற்றும்போதே கோபம்.

"மாஸ்டர், அந்தத் தம்பிராசாக்குக் கொஞ்சமும் மரியாதை இல்ல! வயித்து நோவுக்கு மருந்தெடுக்கப் போனன். அவ்வளவு சனத்துக்கு முன்னால சத்தமா, 'மரைக்கார், நோன்பா?' எண்டு கேக்கிறாரு!"

"எல்லோரிடமும் கேட்கத்தானே நீங்கள் சொன்னீர்கள்?"

"சனத்தக் கேக்கச் சொன்ன. என்னையா?"

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"என்னத்தச் சொல்ற? ஓம் எண்டன். ராவைக்கும் சஹருக்கும் போடச் சொல்லித் தந்திட்டாரு. இப்ப நோகுது, எப்படிப் போடுற?"

காற்று அவர் பக்கமிருந்து. பீடி மணம். நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணி நேரம். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"இந்த ஆளை இஞ்ச வெச்சிருக்கேலா. ஒரு மனு எழுதுங்க. இங்கிலீசில."

கண்ணாடி உடைந்துவிட்டது, எழுத முடியாது என்றேன். அவர் என் மூக்கின் மேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தார். நான் அதைக் கழற்றவில்லை. அதற்குள்ளாலேயே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் எழுந்து போகும்வரை.