இரண்டாம் சுற்றில் ஒரு பெயர்

ஞாயிறு இரவு, டண்டினொங்

மகளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மூன்று பெயர்களை வைத்து வீட்டிலிருந்த ஆறு பேரும் வாக்களித்தோம். அம்மா சொன்ன அபிராமி முன்னுக்கு வந்தது. மனைவியின் மகிழினி இரண்டாவது. என் தெரிவு கடைசி.

“அபிராமியையே வைப்பம்,” என்றேன். மனைவியின் முகம் வாடியது.

பாரிஸிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த அக்கா விடவில்லை. “எதுக்கும் பாதிக்கு மேல விழேல்லையேடா. இங்க ஜனாதிபதித் தேர்தலில அப்பிடியெண்டா, முதல் ரெண்டு பேருக்கு மட்டும் ரெண்டு கிழமையால திரும்ப வோட்டுப் போடுவம்.”

எங்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தேநீர் குடித்துவிட்டு மறுபடி சீட்டு மடித்துப் போட்டோம். அத்தனை சீட்டிலும் மகிழினி!

திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தேன்.

“ஓம், நானும் அதுக்குத்தான் போட்டனான். பெத்தவள் ஆசையாக் கூப்பிடட்டும்,” என்றார்.

மனைவி அழுதுகொண்டே அவரைக் கட்டிக்கொண்டாள்.

மகிழினி சிணுங்குகிறாள். தூக்கப் போகிறேன்.